அந்தப் பொடியனைக் கடைசி வாங்குக்கு அனுப்பினது பிழை

மூன்று நாளாக எல்லாரும் பகிருகிற அந்த விசயம்தான். ஒரு பள்ளிக்கூடத்தில், கன்னத்தில் புண் என்று ஒரு பொடியனைக் கடைசி வாங்கில் தனியே இருத்தி, மற்றப் பெற்றோருக்கு "தொற்று வருத்தம், கவனம்" என்று செய்தியும் அனுப்பியிருக்கினம். அவனுக்கு இருப்பது லீஷ்மேனியாசிஸ், ஒட்டுண்ணி ஒன்றால் தோலில் புண் வரும் நோய். அது தொட்டு வராது. பக்கத்தில் இருந்தும் வராது. ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் வராது.

அதைக் காவுவது மணல் ஈ. இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான், நுளம்பின் மூன்றில் ஒரு பங்கு. இரைச்சல் இல்லை. பொழுதுபட்டால் விடியுமட்டும் கடிக்கும். புண் உள்ளவரைக் கடிக்கும்போது ஒட்டுண்ணியையும் உறிஞ்சும். அது ஈயின் குடலில் பெருகி வாய்ப்பக்கம் வர ஒரு கிழமையளவு வேணும். பிறகுதான் அடுத்த ஆளுக்குப் போகும். அவருக்குப் பரு எழும்பக் கிழமைகள், சிலவேளை மாதங்கள். பட்டப்பகல் வகுப்பறையில் இதில் எது நடக்கும்?

"சிரட்டை, தகரம் எல்லாம் கவிழ்த்தனாங்களே" என்பீர்கள். அது டெங்குக்கு. மணல் ஈ தண்ணீரில் முட்டையிடாது. ஈரமண், சாணிக் கும்பி, புற்று, சுவர் வெடிப்பு, இவைதான் அதன் இடம். சாதாரண நுளம்பு வலைக் கண்ணுக்குள்ளாலும் புகுந்துவிடும். நெருக்கமான, மருந்தூட்டின வலை வேணும். பறக்கத் தெம்பில்லாத பூச்சி, மின்விசிறிக் காற்றுக்கே நில்லாது.

"பிள்ளை பெத்த நாங்கள் பயப்படக் கூடாதோ?" பயப்படுங்கோ. ஆறாத புண்ணிலிருந்துதான் ஈ ஒட்டுண்ணியை எடுக்கிறது, உண்மை. அதனால்தானே கத்துகிறேன்! இந்தப் புண் பெரும்பாலும் நோகாது, சொறியாது. அதனாலேயே மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுகிறார்கள். இனி அடுத்த பிள்ளையின் தாய் கடைக் களிம்பைப் பூசி வீட்டுக்குள் ஒளித்து வைப்பா. ஈ கடிப்பதும் அந்த வீட்டில், அந்த இரவில்தான். ஒருவரை வெட்கப்படுத்தினால் ஊருக்கே பரவும்.

1992இல் இலங்கையின் தெற்கில் முதல் உள்ளூர்த் தொற்றுப் பதிவானது. 2001க்குப் பிறகு வடக்கில் கடமையிலிருந்த படையினரிடம் பெருகியது. 2008இல் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயானது. அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை என்று இத்தனை மாவட்டம் கண்ட பிறகும் ஒரு பிள்ளையைத் தள்ளி இருத்தத்தான் தெரிகிறதா?

வைத்தியம் என்ன லேசா? சோடியம் ஸ்ரிபோகுளுக்கனேற் என்ற மருந்தைப் புண்ணுக்குள்ளேயே, விளிம்பு வெளிறுமட்டும் ஏற்ற வேணும். கிழமைக்கு ஒருக்கா, புண் ஆறும்வரைக்கும். கன்னத்தில் அந்த ஊசி பொல்லாத நோவு. கூலிக்குப் போகிற தாய் ஒவ்வொரு கிழமையும் ஒருநாள் சம்பளத்தை விட்டுப் பஸ் ஏற வேணும். பலர் இடையில் நிப்பாட்டுவது இதனால்தான். நிப்பாட்டினால் புண் திரும்ப வாய் திறக்கும். அவனுக்கு ஏதும் செய்ய விருப்பமென்றால், கிளினிக் நாளில் அவன் வரவில்லை என்று இடாப்பில் சிவப்புக் கோடு போடாமல் விடுங்கோ.