ஷோஸ்டகோவிச்சின் செல்லோ சொனாட்டா: காலவரிசை குறித்த ஒரு திருத்தம்

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் டி மைனர் செல்லோ சொனாட்டா (செல்லோவுக்கும் பியானோவுக்குமான பல பகுதி இசைப்படைப்பு), சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘பிராவ்தா’ நாளிதழ் அவரைக் கண்டித்ததற்கு அவர் கொடுத்த பதிலடி என்று சொல்வது சரியல்ல. 1934-இல் எழுதப்பட்ட அப்படைப்பு, அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, விக்டர் குபாட்ஸ்கி செல்லோ வாசிக்க, ஷோஸ்டகோவிச்சே பியானோ வாசிக்க, லெனின்கிராடில் அரங்கேறியது. அவருடைய ‘லேடி மேக்பெத்’ ஓபராவைச் சாடிய ‘பிராவ்தா’ கட்டுரை வெளிவந்ததோ 1936 ஜனவரி 28-இல்தான். சொனாட்டாவின் மூன்றாம் பகுதியான லார்கோவில் (மிக மெதுவான பகுதி) செல்லோ அடிக்குரலில் நீண்டு புலம்புவதைக் கேட்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த இருளை எழுதிய ஆண்டில் அவருடைய ஓபரா பெரும் வரவேற்புடன் நடந்துகொண்டிருந்தது. ஒடுக்குமுறையின் நிழலில் பிறந்த சொனாட்டா வேண்டுமென்றால், 1948-இல் கம்யூனிஸ்ட் கட்சி இசை குறித்து நிறைவேற்றிய தீர்மானத்தில் கண்டிக்கப்பட்ட மற்றொரு சோவியத் இசையமைப்பாளரான புரோகோஃபியெவ் மறு ஆண்டே எழுதிய சி மேஜர் செல்லோ சொனாட்டாவைச் சொல்லலாம். கனிவு ததும்பும் அதையும் நேரடி எதிர்ப்பென்று சொல்ல நான் தயங்குவேன்.