கை அதிர்வது வேகம் இல்லை

சைக்கிள் டயர் ஓரத்தில் "அதிகபட்சம் 120 பிஎஸ்ஐ" என்று அச்சடித்திருந்தால் அந்த 120 அளவுக்கே காற்று அடித்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். பந்தயம் ஓட்டுகிறவர்களிலேயே இருக்கிறார்கள். அது டயர் தாங்கும் எல்லை. நீங்கள் அடிக்க வேண்டிய அளவு இல்லை. உங்கள் எடை அந்த டயருக்குத் தெரியாது, நீங்கள் ஓட்டப்போகும் ரோடும் தெரியாது. பிறகு எப்படி அது உங்களுக்கு எண் சொல்லும்?

நானும் பல வருடம் அப்படித்தான் அடித்தேன். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் கல் மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் மனசு ஆறாது. வண்டி ஏறியதும் ஹேண்டில்பாரில் ஒரு நடுக்கம் வரும் பாருங்கள், அதைத்தான் வேகம் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைதான் தப்பு. சொரசொரப்பான ரோட்டில் உடம்பு அதிரும்போது தசையும் சதையும் குலுங்கி அந்தச் சக்தி வெப்பமாகிப் போகிறது. அதைக் கொடுத்தது யார்? நம் கால்தான்.

டயரில் சக்தி வீணாவது இரண்டு வழியில். சக்கரம் உருளும்போது ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் அடுக்கும் நசுங்கி நிமிர்கின்றன. நிமிரும்போது வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. இந்த இழப்பு காற்று ஏற ஏறக் குறையும். ஆய்வுக்கூடத்தில் வழவழப்பான இரும்பு டிரம் மேல் டயரை உருட்டி அளந்தால் இது மட்டும்தான் தெரியும். அதனால்தான் "எவ்வளவு காற்றோ அவ்வளவு வேகம்" என்ற பேச்சு இத்தனை காலம் நின்றது. ரோட்டில் இரண்டாவது இழப்பு சேர்கிறது, மேலே சொன்ன குலுக்கல். ஒரு அளவைத் தாண்டினால் டயர் ஜல்லி முனையை உள்வாங்காமல் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப்போடும். இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. சரியான அளவுக்கு ஐந்து பிஎஸ்ஐ கீழே இருந்தால் போகிற சக்தி கொஞ்சம்தான். மோசமான ரோட்டில் அதே ஐந்து மேலே போனால் இழப்பு விறுவிறு என்று ஏறும். சந்தேகம் வந்தால் நான் கீழேதான் போவேன்.

இதை நம்பாமல் ஒரு இறக்கத்தில் நானே உருட்டிப் பார்த்தேன். காற்று வீசாத விடிகாலை, 25 மில்லிமீட்டர் டயர், தேய்ந்து ஜல்லி தெரிகிற தார். பெடல் மிதிக்காமல், ஒரே மாதிரி குனிந்து, ஒரே இடத்திலிருந்து விட்டு, வண்டி நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு. 110-இல் மூன்று தடவை, 95-இல் மூன்று, 80-இல் மூன்று. 95-க்கும் 80-க்கும் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. 110-இன் மூன்று கோடும் பின்னாலேயே தனியாக நின்றன. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்தது காற்றை இறக்கியதுதான்.

எண்ணை எங்கே தொடங்குவது? எடையிலிருந்து. ஆள் 70 கிலோ, வண்டி 8 கிலோ, மொத்தம் 78. ஏறி உட்கார்ந்தால் பின் சக்கரத்தில் ஏறக்குறைய 45 கிலோ, அதாவது 100 பவுண்டு. பிஎஸ்ஐ என்பதே ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. 100 பிஎஸ்ஐ அடித்தால் ரோட்டைத் தொடுகிற பரப்பு சுமார் ஒரு சதுர அங்குலம். 80 அடித்தால் ஒன்றேகால். வளைவில் சாயும்போது நம் உயிர் இருப்பது அந்தத் துண்டு ரப்பரில்தான். எந்தச் சக்கரத்தில் உங்கள் பாரம் எவ்வளவு என்று பார்க்க எடை பார்க்கும் மெஷினைப் பின் சக்கரத்தின் கீழே வையுங்கள், முன் சக்கரத்தின் கீழே அதே உயரத்துக்குப் பலகை. ஒருவரைப் பிடிக்கச் சொல்லி ஏறி, ஓட்டும் நிலையில் குனியுங்கள். பிறகு மாற்றி வையுங்கள். முன்னால் பாரம் குறைவாகத்தான் வரும், அதனால் அங்கே காற்றும் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு அடிப்பதை விட்டாலே வளைவில் முன் சக்கரம் துள்ளுவது குறையும்.

அடுத்தது அகலம். டயரின் இறுக்கம் அழுத்தத்தை மட்டும் பொறுத்ததில்லை. அழுத்தத்தை அகலத்தால் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. 25 மில்லிமீட்டரில் 90 அடித்தால் வருகிற இறுக்கம் 28-இல் 80 அடித்தாலே வந்துவிடும். பழைய 23-க்குப் பழகிய கை 28-க்கும் 110 அடித்தால் அது முன்பைவிடக் கட்டையாகத்தான் ஓடும். அகல டயர் வாங்கியும் சுகமில்லை என்று சொல்கிற பலருடைய குறை இதுதான். டியூப் போட்ட 28-க்கு, சுமாரான ரோட்டில், அந்த 70 கிலோ ஆளுக்கு நான் சொல்வது பின்னால் 75, முன்னால் 71. அங்கிருந்து இரண்டு இரண்டாக இறக்கிப் பாருங்கள். ரொம்ப இறங்கினால் குழியில் ரிம் இடித்து, பாம்பு கடித்த மாதிரி டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு விழும். வளைவில் பின்பக்கம் நெளிவதும் தெரியும். மழை என்றால் இன்னும் ஐந்து குறைப்பேன். வழவழப்பான வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய ஓடுபாதை மட்டும் வேறு உலகம், அங்கே கல் மாதிரி அடிப்பதுதான் சரி.

ஹுக்லெஸ் ரிம், அதாவது டயர் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாகக் கேளுங்கள். அதில் எல்லை 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. டயரில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். அதில் உயிர் ஆபத்து இருக்கிறது.

பம்ப் முள்ளையும் முழுசாக நம்ப வேண்டாம். இரண்டு பம்பில் ஒரே டயர் இரண்டு எண் காட்டும். எப்போதும் ஒரே பம்பில் அடியுங்கள், எண் தப்பாக இருந்தாலும் ஒரே மாதிரி தப்பாக இருக்கும். குளிர்ந்த காலையில் 80 அடித்து வெயிலில் வைத்தால் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் சுமார் 3 பிஎஸ்ஐ ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எங்களோடு ஓட்டுகிற 54 கிலோ தங்கை ஒருத்தி, யாரோ சொன்னார்கள் என்று 28-இல் 105 அடித்து, இறக்கத்தில் பிரேக்கை விடவே பயந்து வந்துகொண்டிருந்தாள். போன மாதம் அவள் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் அடியில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பேனாவால் எழுதியிருந்தாள்: முன் 60, பின் 64, மழைக்கு 56, 60.