1846-ல் கட்டின சர்ச்சில் 1806-ன் பேய்

வேலூர் கோட்டையில் பேய் தேடுகிற அந்த வீடியோவை யாரும் இனி எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன், நடுவில் வந்த ரம்மி விளம்பரம் உட்பட.

கோட்டைக்குள் இருக்கிற புனித ஜான் சர்ச் வாசலில், டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு ஒரு தம்பி சொல்கிறார்: "1806-ல செத்துப்போன வெள்ளைக்கார சோல்ஜருங்க சாமி கும்பிட்ட இடம் மக்களே இது. அவங்க ஆவி இன்னும் இங்கதான் சுத்துது." தம்பி, அந்த சர்ச்சைக் கட்டியதே 1846-ல். செத்து நாற்பது வருஷம் கழித்துக் கட்டின சர்ச்சில் எப்படியப்பா கும்பிட்டார்கள்? பேயைத் தேட ராத்திரி முழுக்க நேரம் இருக்கிறது, வருஷத்தைத் தேட ஒரு நிமிஷம் இல்லை.

கையில் ஒரு மீட்டர். விளக்கு சிவப்பானால் ஆவி வந்துவிட்டதாம். அது மின்காந்தப் புலத்தை அளக்கிற கருவி. பக்கத்தில் கரண்ட் ஒயர் போனாலும் எரியும், சட்டைப் பையில் போன் இருந்தாலும் எரியும். ஆளுக்கொரு போனோடு சுற்றி நின்றால் எரியாமல் என்ன செய்யும்? ஆவி பேசும் பெட்டி என்று ஒன்று காட்டினார்கள். ஸ்டேஷன்களைப் படபடவென்று மாற்றிக்கொண்டே போகிற ரேடியோ அது. அந்தத் துண்டுச் சத்தத்தில் அவர்களுக்கு "ஹெல்ப்" என்று கேட்டிருக்கிறது. எனக்கு ஏதோ நகைக்கடை விளம்பரம் போலக் கேட்டது. அப்புறம் பூட்டிக் கிடந்த மியூசியத்துக்கு வெளியே நின்று, "உள்ள யாரோ நடக்கிறாங்க". பகலில் டிக்கெட் வாங்கி அதற்குள் ஒரு முறை நடந்திருப்பார்களா?

என் தாய்மாமா கோட்டைக்குள் ஓர் ஆபீஸில் இரவுக் காவலர். சின்ன வயதில் அவருக்குச் சாப்பாட்டு கேரியர் கொண்டுபோவது என் வேலை. பேய் பார்த்திருக்கிறீர்களா மாமா என்று கேட்டேன். "கண்ணாடி விரியன் பார்த்திருக்கேன், பாட்டிலோட செவுரு ஏறி வர்ற ஆளைப் பார்த்திருக்கேன். பேய் வந்தா நல்லதாப் போச்சு, ஒரு டீ வாங்கினு வரச் சொல்லலாம்" என்றார். ஆனால் மகால் பக்கம் ஒரு சுவரைத் தாண்டும்போது மட்டும் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிடுவார். சிப்பாய்களை நிற்க வைத்துச் சுட்டது அங்கேதான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அந்தச் சுவர்தானா என்பது வேறு விஷயம். அந்த மரியாதை பயத்தில் வந்தது இல்லை.

எனக்கு வலித்தது வீடியோவின் கடைசிப் பகுதி. ரத்தம் கக்குகிற சிப்பாய், கிராபிக்ஸில். யார் அந்தச் சிப்பாய்? நெற்றியில் குறி வைக்காதே, கடுக்கனைக் கழற்று, தாடியை எடு, தோல் குஞ்சம் வைத்த தொப்பியைப் போடு என்றார்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். எதிர்த்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் சிப்பாய்கள் புரட்சியில் எழுந்தார்கள், திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்கிற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் கதை முடிந்தது. மகாலுக்குள் ஒளிந்திருந்த நூறு பேரை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 1857-க்கு அரை நூற்றாண்டு முன்னால். அவன் உங்களுக்குப் பேய், இல்லையா? வெள்ளைக்காரனுக்கு ஆத்மா, நம் ஆளுக்குக் கோரைப் பல்!

"பொழுதுபோக்குதானே சார்" என்பீர்கள். சரி, அது பாழடைந்த பங்களா இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிற சர்ச். அதே கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் இதே டார்ச்சோடு உட்கார்ந்து பாருங்கள், பொழுது எப்படிப் போகிறதென்று தெரியும். "உனக்குப் பொறாமை" என்கிறார் ஒருவர். ஆமாம், எனக்கு அந்த மீட்டர் மேல் ஒரு கண். "டூரிசம் வளரும்" என்பதைக் கொஞ்சம் யோசித்தேன். கூட்டம் வரும்தான். ஆனால் சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று நம் ஊரை எத்தனை காலம் கேலி பேசினார்கள்? ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி 1981-ல் திரும்பி வந்துவிட்டார். இப்போது பேய் உள்ள கோட்டை என்று புதுப்பெயர் வாங்கிக்கொடுக்க நீங்கள் எதற்கு?

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று உள்ளூர்க்காரர்களே கேட்பதுதான் தாங்கவில்லை. மக்கான் சந்திப்பில் புரட்சி நினைவுத் தூணைச் சுற்றித் தினமும் வண்டி ஓட்டுகிறவர்கள் நீங்கள். அது என்ன தூண் என்று பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒரு நாளாவது சொன்னீர்களா? சர்ச் கட்டிய வருஷத்தை அந்த வீடியோவுக்குக் கீழே கமெண்டாகப் போட்டேன், அழித்துவிட்டார்கள். மறுபடியும் போட்டிருக்கிறேன்.