பத்து நொடியில் கடக்க வேண்டிய சாலை

வெளியே கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். மருத்துவர் சொன்ன பத்தியம் அல்ல. போகிற வழியில் கழிப்பறை கிடையாது. இருக்கும் ஒன்றும் பூட்டியே கிடக்கும். இதை நான் கண்டுபிடிக்கவே பல மாதங்கள் ஆயின. அவராகச் சொல்லவில்லை, கூச்சம்.

வயது ஏற ஏறத் தாக உணர்வே மங்கிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றே தொண்டையைக் காயப்போட்டால் தலைசுற்றல் வரும், சிறுநீர்த் தொற்று வரும், தடுமாறி விழவும் நேரும். உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் அதிகம் பலியாகிறவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். முதியோர் நலம் என்றதும் புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டுகிறவர்களிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான்: தெருமுனைக் கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது?

அடுத்தது சிக்னல். பாதசாரி நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டுதான் பல நாடுகளில் பொறியாளர்கள் பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிட்டு வந்தார்கள். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தவர்களின் நடையை அளந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. ஆண்களின் சராசரி வேகம் நொடிக்கு 0.9 மீட்டர், பெண்களுடையது 0.8. பன்னிரண்டு மீட்டர் சாலைக்குப் பத்து நொடி கொடுத்தால், அதற்குள் அம்மா எட்டு மீட்டர்தான் வந்திருப்பார். மீதி நான்கு மீட்டரை, ஹாரன் சத்தத்துக்கு நடுவே, ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையை உயர்த்திக் காட்டியபடியுமாகக் கடக்கிறார். மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு. எனக்கு ஆத்திரம் வருவது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

சிங்கப்பூரில் 2009 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. முதியவர் தன் அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 நொடிகள் கூடுதலாகக் கிடைக்கும். நல்ல யோசனைதான். ஆனாலும், நடக்க நேரம் வேண்டும் என்பதற்கு ஏன் அட்டை? எல்லோருக்குமே நேரத்தைக் கூட்டினால் கர்ப்பிணிக்கும் ஆகும், கால் கட்டுப் போட்டவருக்கும் ஆகும்.

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் முதியோருக்கு உகந்த நகரங்களுக்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 33 நகரங்களில் முதியவர்களையே உட்காரவைத்துக் கேட்டுத் தொகுத்தது அது. எட்டுத் தலைப்புகளில் மருத்துவத்துக்கு ஒன்றுதான். பொது இடம், போக்குவரத்து, வீடு, மரியாதை என்று போகிறது மற்றவை. நான் பார்த்த வரையில் நம்மிடம் யாரும் கேட்பதில்லை. மூத்த குடிமக்களுக்கான குறைதீர் முகாமுக்கு அம்மாவை ஒருமுறை அழைத்துப் போனேன். முகாம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதுவே முதல் குறை என்று எழுதிக் கொடுக்கவும் மேலே ஏற வேண்டியிருந்தது.

பஸ்ஸைப் பற்றி ஒரே விஷயம்: ஏறியவர் உட்கார்ந்த பிறகு வண்டியை எடுத்தால் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

“இந்த வயதில் ஏன் அலைய வேண்டும், எல்லாம் வீட்டுக்கே வந்துவிடுகிறதே” என்று அக்கறையோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் இருப்பது பாதுகாப்பு என்று யார் சொன்னது? 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் வீசிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், அவர்களில் பலர் தனியாக வாழ்ந்தவர்கள். கதவைத் தட்ட ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான், 2004-இல், தனித்திருக்கும் முதியோருக்கு உள்ளாட்சி ஒரு பதிவேடு வைக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. தினமும் தெருவில் பார்க்கிற முகம் இரண்டு நாள் காணவில்லையென்றால் எந்தப் பதிவேடும் இல்லாமலே யாராவது விசாரிப்பார்கள். அதற்கு அந்த முகம் முதலில் தெருவுக்கு வர வேண்டும்.

அம்மா நூலகத்துக்கு நடந்தே போவார். நேர்வழியை விட்டுச் சுற்றுவழியில் போவார். அந்த வழியில் ஒரு கட்டடத்தின் முன்னால், மர நிழலில், முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர் இருந்தது. அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் மீதித் தூரத்தைச் சமாளித்துவிடுவார். வேறு இருக்கை அந்தத் தெருவிலேயே இல்லை. போன மாதம், யாரும் உட்காரக் கூடாதென்று அந்தச் சுவரின் மேல் கூர்க்கம்பிகளைப் பதித்துவிட்டார்கள். அவர் கடைசியாக எடுத்து வந்த புத்தகம் தவணை தாண்டி மேசைமேல் கிடக்கிறது.