நிலம் இல்லாதவர்களுக்கும் விவசாயத்தில் வேலை இருக்கிறது

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் உறவினர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "அக்ரி படிச்சா வேலை கிடைக்குமா?" கேட்பவர் மனதில் இருப்பது அரசு வேலை, இல்லாவிட்டால் வங்கி வேலை. இன்னொரு பக்கம், ஐடி வேலையை விட்டுவிட்டுப் பண்ணை தொடங்கியவரின் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். நிலம் வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அதில் வராது.

இந்த இரண்டிலும் சேராத வேலைகள் நிறைய இருக்கின்றன. பலவற்றுக்கு ஒரு சென்ட் நிலம்கூட வேண்டாம்.

ஒட்டுக்கத்தரி நாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்டைக்காய்ச் செடியின் தண்டை வெட்டி, அதன்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டி, கிளிப் போட்டு, ஈரப்பதம் குறையாத கூடாரத்தில் ஒரு வாரம் போல வைக்கிறார்கள். கத்தரி வேர் தாங்காத வாடல் நோயையும், வேரைத் தாக்கும் நூற்புழுவையும் சுண்டைக்காய் வேர் தாங்கும். இரண்டு தண்டும் ஒரே பருமனில் இருக்க வேண்டும், பிளேடு சரியான சாய்வில் இறங்க வேண்டும். கை பழகாதவர் கட்டினால் பாதி நாற்று கருகிவிடும். நர்சரிகளில் இதைச் செய்யும் பெண்களுக்குக் கூலிக் கணக்கில்தான் சம்பளம். என்னைக் கேட்டால் இது டெக்னீஷியன் வேலை, சம்பளமும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்து ட்ரோன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால், அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி எடுத்து பைலட் சான்றிதழ் வாங்கலாம். 10 லிட்டர் டேங்க் உள்ள ட்ரோன் ஒரு ஏக்கருக்கு மருந்தடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் மகளிர் குழுக்களுக்கு விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் விளம்பரத்தில் சொல்லாத ஒன்று: டேங்க் நிறைய மருந்தோடு பறந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். நாலைந்து செட் பேட்டரியும், வரப்போரத்தில் சார்ஜ் போட ஜெனரேட்டரும், இதையெல்லாம் ஏற்ற ஒரு வண்டியும் வேண்டும். அப்புறம், சீசன் முடிந்தால் கையில் வேலை இருக்காது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். மருந்தடிக்கிறவருக்கும் அறுவடை மெஷின் ஓட்டுகிறவருக்கும் அந்தக் கணக்கு கிடையாது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிவிடலாம். விவசாயி தலையில் இருக்கும் ரிஸ்க் இவர்களுக்கு இல்லை. இது நியாயமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியது இதைத்தான்.

அக்ரி பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கும் வழி உண்டு. விவசாயிகளுக்கு ஆலோசனையும் சேவையும் தரும் மையம் தொடங்க உதவுவதற்காக 2002இல் மத்திய அரசு தொடங்கிய அக்ரி கிளினிக் திட்டத்தில் 45 நாள் பயிற்சி இலவசம். கடன் வாங்கித் தொழில் தொடங்கினால் திட்டச் செலவில் 36 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44 சதவீதம். போட்டித் தேர்வுக்கே வருடக்கணக்கில் படிப்பவர்கள் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஒரு வேண்டுகோள். கடன் வாங்கி ட்ரோனோ மெஷினோ எடுக்கும் முன்னால், ஏற்கெனவே ஓட்டுகிறவரிடம் ஒரு சீசன் ஹெல்பராகப் போங்கள். எத்தனை ஏக்கர் கிடைக்கிறது, யார் உடனே காசு தருகிறார்கள், யார் அறுவடைக்கு அப்புறம் என்று இழுக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.