புதியவர்களுக்கு ரன் கோப்பு வேண்டாம்

கிராபிக்ஸ் டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து ரன் கோப்பாக (.run என்று முடியும், நாமே இயக்கி நிறுவும் கோப்பு) இறக்கி நிறுவுவதே நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள், லினக்ஸ் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்குத் தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். மண்டபம் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் அப்படித்தான் உபுண்டு என்ற லினக்ஸில் என்விடியா கார்டுக்கான டிரைவர் போட்டுக் கொடுத்தார்கள், அடுத்த கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட் வந்ததும் திரை கறுப்பு. பழைய கர்னலுக்கு மட்டும் உருவாக்கிய டிரைவர் அது, கர்னல் மாறும்போது டிரைவரை மறுபடி உருவாக்கித் தரும் டிகேஎம்எஸ்ஸில் (DKMS) சேர்க்காததால் புதிய கர்னலுக்குத் தானாக மறுபடி உருவாகவில்லை. பாஸ்புக் நகல் எடுக்க வந்த மீனவர்களை அன்று முழுக்கத் திருப்பி அனுப்பினேன், மனசே சரியில்லை.

அப்புறம் பழைய கர்னலில் பூட் செய்து, அந்த டிரைவரை நீக்கிவிட்டு, டெர்மினலில் 'சுடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' (sudo ubuntu-drivers install) என்று ஒரே வரி. எந்த கார்டு என்று அதுவே பார்த்துப் பொருத்தமான பதிப்பைப் போட்டது, இப்போது கர்னல் மாறினாலும் டிரைவர் கூடவே வருகிறது. லினக்ஸ் மின்ட்டில் இதற்கு டிரைவர் மேனேஜரே இருக்கிறது.

செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பகமான கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் வசதி) பற்றியும் சேருங்கள்: நிறுவும்போது கடவுச்சொல் வைக்கச் சொன்னால் குறித்துக்கொள்ள வேண்டும், மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' (Enroll MOK) தேர்ந்தெடுத்து அந்தக் கடவுச்சொல்லைத் தர வேண்டும், தவறவிட்டால் டிரைவர் ஏறாது. ஏஎம்டி, இன்டெல் கார்டு என்றால் பெரும்பாலும் எதுவும் நிறுவ வேண்டாம், கர்னலும், லினக்ஸோடு வரும் மேசா என்ற கிராபிக்ஸ் மென்பொருளுமே போதும்.