எப்போதாவது தீனி போட்டால் குரங்கு பழகாதா?

கொடைக்கானல் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “தினமும் தீனி போட்டால்தான் குரங்கு பழகும். எப்போதாவது ஒரு வாழைப்பழம் போட்டால் பழகாது. பாவ்லோவ் நிரூபித்த உண்மை.” இதில் ஆளும் தவறு, விஷயமும் தவறு.

ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவ் ஆராய்ந்தது வேறு. உணவுக்கு முன் ஒரு ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பிறகு ஒலி கேட்டாலே எச்சில் ஊறியது. (1904-ல் அவருக்கு நோபல் கிடைத்தது இதற்கல்ல, செரிமான ஆய்வுக்கு.) தூண் பாறையில் சிப்ஸ் பாக்கெட் சரசரத்ததும் குரங்கு சட்டென்று திரும்புகிறதே, அது இந்த ரகம்.

பாய்ந்து வந்து பையைப் பிடுங்குவது அப்படியல்ல. அது செயலின் பலனைப் பார்த்துக் கற்பது. இதை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர். நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த எலி, தீனி நின்றதும் சீக்கிரமே ஓய்ந்துவிடும். எப்போதாவது மட்டும் கிடைத்துப் பழகிய எலியோ லேசில் விடாது, லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் மாதிரி அழுத்திக்கொண்டே இருக்கும். இந்தப் பரிசு முறைகளைப் பற்றி ஸ்கின்னரும் அவருடைய சக ஆய்வாளர் ஃபெர்ஸ்டரும் 1957-ல் தனி நூலே வெளியிட்டார்கள்.

ஆக, எப்போதாவது வீசும் பழம்தான் பழக்கத்தைக் கெட்டிப்படுத்துகிறது.

அப்புறம், தீனியை நிறுத்தியதும் கொஞ்ச காலம் தொல்லை கூடலாம். அதற்குப் பயந்து மறுபடி போட்டால், இன்னும் மூர்க்கமாகக் கேட்டால் கிடைக்கும் என்றுதான் குரங்கு கற்கும். மூடாத குப்பைத்தொட்டியும் இந்த ‘எப்போதாவது’ கணக்கில்தான் சேரும்.